கோவிஷீல்டு போட்டவர்கள் அடிக்கடி விமானம் ஏறினால் ரத்தம் உறையுமா? அந்தமான் பயணிகளுக்கு ஒரு கணக்கு

"தடுப்பூசி போட்டவங்க அடிக்கடி ஃப்ளைட்ல போகக் கூடாதாமே, ரத்தம் கட்டிக்குமாமே?" உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும். 2021-ல் தடுப்பூசி புதிதாக வந்தபோது சுற்றியது. 2024-ல், தன் தடுப்பூசியால் மிக அரிதாக ரத்த உறைவு ஏற்படலாம் என்று ஆஸ்ட்ராஜெனெகா நிறுவனம் பிரிட்டன் நீதிமன்றத்தில் சொன்ன செய்தி வெளியானதும் மறுபடி கிளம்பியது. விமானி யாராவது திடீரென இறந்துபோனதாகச் செய்தி வந்தால் இன்றும் தலைதூக்கும்.

இந்தக் கேள்வியை அந்தமானிலிருந்து பார்க்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் அனைவருக்கும் 2 டோஸ் போட்டு முடித்துவிட்டதாக அந்தமான் நிகோபார் நிர்வாகம் 2021 டிசம்பரில் அறிவித்தது. அதுவும் கோவிஷீல்டை மட்டுமே வைத்து. சர்ச்சைக்குள்ளான அதே தடுப்பூசிதான். இரண்டு, தீவில் இருப்பவர்களுக்கு வெளியே போக விமானத்தையும் கப்பலையும் விட்டால் வேறு வழி கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 15 சதவீதம் பேருக்குத் தமிழ்தான் தாய்மொழி. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, கல்லூரி சேர்க்கை என எதுவானாலும் சென்னைக்குத்தான் டிக்கெட் பார்க்கிறார்கள்.

முதலில் நேரடியான பதில். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்குப் போகும் விமானம் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆரோக்கியமான ஒருவருக்கு இந்த ஒரு பயணத்தால் ரத்த உறைவு ஆபத்து கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. 2021-லோ 2022-லோ போட்ட கோவிஷீல்டால் இன்று விமானத்தில் ரத்தம் உறையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால் 'அப்போ கவலையே வேண்டாம்' என்று இங்கேயே முடித்துவிட முடியாது. பயணத்தோடு தொடர்புடைய ரத்த உறைவு உண்மையாகவே இருக்கிறது. அதற்குக் காரணம் வேறு.

இரண்டு உறைவு, இரண்டு காரணம்

வாட்ஸ்அப் செய்திகள் இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவிடுகின்றன. பயத்தில் பாதி இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கிறது.

பயணத்தில் வருவது பெரும்பாலும் காலின் ஆழ்நாளங்களில் ஏற்படும் உறைவு. டாக்டர்கள் சுருக்கமாக 'டி.வி.டி' என்பார்கள். காலிலிருந்து ரத்தம் மேலே ஏறி இதயத்துக்குப் போக வேண்டும். புவியீர்ப்பை எதிர்த்து அதைத் தள்ளிவிடும் பம்ப், உங்கள் கெண்டைக்கால் தசை. நீங்கள் நடக்கும்போது, பாதத்தை அசைக்கும்போது அந்தத் தசை இறுகித் தளர்கிறது, ரத்தம் மேலே ஏறுகிறது. முழங்காலை மடக்கி மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் பம்ப் நின்றுவிடும், ரத்தம் தேங்கும். தேங்கிய இடத்தில் உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ரத்த ஓட்டம் மந்தமாவது, நாளத்தின் உட்சுவர் அடிபடுவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது ஆகிய மூன்றும்தான் உறைவுக்கு அடிப்படை. ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரில் இது பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

இதற்கும் விமானத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்பதைக் காட்டும் பழைய சம்பவம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது மக்கள் பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார்கள். நுரையீரல் அடைப்பால் ஏற்படும் மரணங்கள் அப்போது திடீரென அதிகரித்ததை கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் 1940-ல் 'லான்செட்' இதழில் பதிவு செய்தார். நாற்காலியின் முன்பக்கச் சட்டம் தொடையை அழுத்த, மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் இருந்ததே காரணம் என்று பார்க்கப்பட்டது. அவர்கள் யாரும் 35,000 அடி உயரத்தில் இல்லை, தரைக்கு அடியில் இருந்தார்கள்.

தடுப்பூசியால் வரும் உறைவு வேறு ரகம். அங்கே பிரச்சினை தேக்கம் அல்ல, நோயெதிர்ப்பு மண்டலம். ஆஸ்ட்ராஜெனெகா, ஜான்சன் அண்ட் ஜான்சன் போன்ற, அடினோவைரஸை வாகனமாகப் பயன்படுத்தும் தடுப்பூசிகளைப் போட்ட மிகச் சிலருக்கு, ரத்தத் தட்டணுக்களிலிருந்து வெளியாகும் பி.எஃப்.4 என்ற புரதத்துக்கு எதிராகவே உடல் ஆன்டிபாடிகளை உருவாக்கிவிடுகிறது. அதனால் தட்டணுக்கள் தாறுமாறாகத் தூண்டப்பட்டு, ஒரு பக்கம் ரத்தம் உறைகிறது, மறுபக்கம் தட்டணு எண்ணிக்கை சரிகிறது. மூளை நாளம், வயிற்று நாளம் போன்ற வழக்கத்துக்கு மாறான இடங்களிலும் கட்டி உருவாகும். நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் ஓடினாலும் இதில் வித்தியாசம் கிடையாது.

இந்த எதிர்வினைக்குக் கால வரம்பு இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஊசி போட்டதிலிருந்து பெரும்பாலும் 5 முதல் 30 நாட்களுக்குள், தாமதமானால் 42 நாட்களுக்குள் அறிகுறி தெரிந்துவிடும். 2021-ல் ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு அந்த ஜன்னல் எப்போதோ மூடிவிட்டது. இன்று விமானம் ஏறுவதால் அது திரும்பத் திறக்காது.

கோவிஷீல்டு: எண்கள் என்ன சொல்கின்றன?

ஆஸ்ட்ராஜெனெகா 2024-ல்தான் முதல்முறையாக 'உண்மையை ஒப்புக்கொண்டது' என்பதுபோலத்தான் நம்மூரில் பலரும் அந்தச் செய்தியைப் படித்தோம். ஆனால் குறைந்த தட்டணுக்களோடு வரும் ரத்த உறைவை மிக அரிய பக்கவிளைவாகச் சேர்க்கச் சொல்லி ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரல் 7-ம் தேதியே அறிவித்துவிட்டது. இந்தியாவிலும் தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவின் அறிக்கையை 2021 மே 17-ம் தேதி சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. ஆராயப்பட்ட 498 தீவிர நிகழ்வுகளில் 26 ரத்த உறைவாக இருக்கலாம் என்றது அது. விகிதம், 10 லட்சம் கோவிஷீல்டு டோஸுக்கு 0.61. அதே அறிக்கை ஒப்பீட்டுக்குத் தந்த எண்கள்: பிரிட்டனில் 10 லட்சத்துக்கு 4, ஜெர்மனியில் 10. கோவேக்சின் போட்டவர்களிடம் இத்தகைய நிகழ்வு பதிவாகவில்லை.

இதை அந்தமானுக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மொத்த மக்கள்தொகை 3,80,581. பெரியவர்கள் 3 லட்சம் பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 2 டோஸ் என்றால் 6 லட்சம் டோஸ். இந்திய விகிதப்படி எதிர்பார்க்கக்கூடிய பாதிப்பு 0.37. அதாவது ஒரு ஆள்கூட இல்லை. 'நம்ம நாட்டுல எல்லாமா பதிவாகுது?' என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். நானும் அந்த 0.61-ஐ அப்படியே நம்பிவிட மாட்டேன். எனவே பிரிட்டன் விகிதத்தைப் போடுங்கள், 2 அல்லது 3 பேர். ஜெர்மனி விகிதத்தைப் போட்டால் 6 பேர். மோசமான கணக்கிலும் ஒரு ஷேர் ஆட்டோவுக்குள் அடங்கிவிடும் எண்ணிக்கை. அதுவும் முதல் சில வாரங்களுக்குள் மட்டும். நிஜ எண்ணிக்கை இன்னும் குறைவாக இருக்கவே வாய்ப்பு. தெற்காசிய, தென்கிழக்காசிய வம்சாவளியினருக்கு ரத்த உறைவு ஆபத்து ஐரோப்பியர்களைவிட ஏறத்தாழ 70 சதவீதம் குறைவு என்று அறிவியல் ஆய்வுகள் சொல்வதாக அந்த அறிக்கையே குறிப்பிட்டது.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு விகிதம் ஆறுதல் தராது என்பது உண்மை. ஆனால் ஊசி போடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் தராசின் மறு தட்டில் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2.9 கோடி பேரின் தரவுகளை வைத்து 'பி.எம்.ஜே' இதழ் 2021 ஆகஸ்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. நாளங்களில் ரத்த உறைவு, ஆஸ்ட்ராஜெனெகா முதல் டோஸுக்குப் பிறகு 1 கோடி பேருக்கு 66 பேரிடம் கூடுதலாக ஏற்பட்டது. கொரோனா தொற்றிய 1 கோடி பேரை எடுத்துக்கொண்டால் அதே காலகட்டத்தில் கூடுதலாக ஏற்பட்டது 12,614. ரத்தத்தை உறைய வைப்பதில் வைரஸ்தான் கில்லாடி.

விமானிகளுக்கு என்ன ஆனது?

2021 ஜூனில் உலகம் முழுக்கச் சுற்றிய ஒரு செய்தி, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானிகள் 4 பேர் தடுப்பூசியால் இறந்துவிட்டார்கள் என்றது. 4 விமானிகள் இறந்தது உண்மை. அந்த மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் மறுத்தது. அதே வாரங்களில், ரத்தம் உறையும் என்பதால் தடுப்பூசி போட்டவர்களை ஏற்றக் கூடாது என்று விமான நிறுவனங்கள் ஆலோசிப்பதாகவும் ஒரு புரளி வந்தது. நடந்தது நேர் எதிர். தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாதவர்களைத்தான் பல நாடுகள் வாசலிலேயே நிறுத்தின.

இந்தியாவில் புரளிக்குத் தீனி போட்டது ஓர் உண்மையான விதி. விமானிகளும் கேபின் ஊழியர்களும் தடுப்பூசி போட்ட பிறகு 48 மணி நேரம் பறக்கத் தகுதியற்றவர்கள் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ 2021 மார்ச்சில் உத்தரவிட்டது. 14 நாட்களுக்கு மேல் உடல் தேறாவிட்டால் சிறப்பு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றும் அதில் இருந்தது. 'பார்த்தீங்களா, பைலட்டுக்கே தடை' என்று இதைப் பகிர்ந்தார்கள். காரணம் சாதாரணமானது. ஊசி போட்ட முதல் இரண்டு நாட்களில் காய்ச்சல், தலைசுற்றல், உடல்வலி வரலாம். தலை சுற்றும் ஒருவர் 180 பேரை ஏற்றிக்கொண்டு விமானத்தை இறக்கக் கூடாது. அமெரிக்காவிலும் இதே 48 மணி நேர விதி இருந்தது. ரத்த உறைவைத் தடுக்கும் நோக்கம் இருந்திருந்தால் விதி 42 நாட்களுக்கு அல்லவா இருந்திருக்க வேண்டும்? பயணிகளுக்கு இந்த விதியே கிடையாது.

சரி, தடுப்பூசியை ஓரமாக வைப்போம். வருடத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் காக்பிட்டில் உட்கார்ந்தே இருக்கும் விமானிகளுக்கு ரத்த உறைவு அதிகமாக இருக்க வேண்டுமே? நெதர்லாந்தில் 2,630 ஆண் விமானிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2014-ல் வெளியானது. எல்லோருடைய ஆண்டுகளையும் கூட்டினால் 20,420 ஆண்டுகள். அதில் உறைவு ஏற்பட்டது 6 பேருக்கு. அதே வயதுப் பொதுமக்களோடு ஒப்பிட்டால் கூடுதல் இல்லை, சொல்லப்போனால் சற்றுக் குறைவு.

இதை வைத்து 'பறப்பது நல்லது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறியவர்கள் மட்டுமே அந்த இருக்கைக்கு வர முடியும், தவறினால் வெளியே அனுப்பப்படுவார்கள். ஆரோக்கியமானவர்களாகப் பொறுக்கியெடுத்த கூட்டத்தில் நோய் குறைவாக இருப்பது ஆச்சரியமில்லை. அந்த எண்ணை உங்களுக்கோ சர்க்கரையும் உடல் எடையும் கூடிய உங்கள் அப்பாவுக்கோ அப்படியே பொருத்த முடியாது.

விமானி மரணச் செய்திகளில் பெரும்பாலும் அடிபடுவது மாரடைப்பும் இதய நிறுத்தமும்தான். 2023 ஆகஸ்டில் நாக்பூர் விமான நிலையத்தில் விமானம் ஏறும் முன் விமானி ஒருவர் சரிந்து விழுந்து இறந்தபோதும் இதய நிறுத்தம் என்றே சொல்லப்பட்டது. காலில் வரும் உறைவும் இதுவும் ஒன்றல்ல. திடீர் மரணங்களைப் பற்றி 47 மருத்துவமனைகளில் ஐ.சி.எம்.ஆர் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் இறந்த 729 பேரை 2,916 பேரோடு ஒப்பிட்டதில், தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. குடும்பத்தில் திடீர் மரணம், கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிய குடி, கடுமையான உடலுழைப்பு போன்றவையே கூட்டின.

நான்கு மணி நேரம் என்ற கோடு

பயண உறைவு பற்றி உலக சுகாதார நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வின் முதல் கட்ட முடிவு 2007-ல் வந்தது. 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பயணித்தால் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. 'இரண்டு மடங்கு' என்றதும் பதற வேண்டாம், எதன் இரண்டு மடங்கு என்று கேளுங்கள். ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவர். அந்த முடிவில் இன்னொரு வரியும் இருந்தது, தலைப்புச் செய்திகளில்தான் அது காணாமல் போனது: விமானம் மட்டுமல்ல, பேருந்து, ரயில், கார் எதுவானாலும் இதே கதைதான்.

தூரம் கூடக் கூட ஆபத்தும் கூடும். பாரிஸின் சார்லஸ் டி கோல் விமான நிலையத்தில் இறங்கிய 13.5 கோடிப் பயணிகளை வைத்து 2001-ல் வெளியான ஆய்வில், கடுமையான நுரையீரல் அடைப்போடு வந்தவர்கள் 56 பேர். 5,000 கி.மீ-க்குக் குறைவாகப் பறந்தவர்களில் 10 லட்சத்துக்கு 0.01. அதைத் தாண்டியவர்களில் 1.5. 10,000 கி.மீ-க்கு மேல் 4.8. சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் இடையே சுமார் 1,370 கி.மீ. இந்த வரைபடத்தில் அது கீழ் மூலையில் ஒரு புள்ளி.

வேலைக்காக அடிக்கடி பறப்பவரா நீங்கள்? அப்போது இது உங்களுக்கு: பன்னாட்டு நிறுவனங்களின் 8,755 ஊழியர்களை வைத்து 2007-ல் வந்த ஆய்வில், 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட 4,656 விமானப் பயணங்களுக்கு ஓர் உறைவு பதிவானது. குறுகிய காலத்தில் பல நீண்ட பயணங்கள் போனவர்களுக்கு ஆபத்து அதிகம். காரணம், விமானத்திலிருந்து இறங்கியதும் ஆபத்து இறங்கிவிடுவதில்லை. முதல் வாரத்தில் உச்சத்தில் இருந்து, படிப்படியாகக் குறைந்து, சில வாரங்கள் நீடிக்கும். திங்கள் லண்டன், வியாழன் சென்னை, அடுத்த செவ்வாய் சிங்கப்பூர் என்று போகிறவர், முந்தைய பயணத்தின் பாக்கியை அடுத்த பயணத்துக்கும் சுமந்துகொண்டு போகிறார். 'எகானமி வகுப்பு நோய்' என்ற பெயரும் சரியில்லை. பிசினஸ் வகுப்பில் போனால் வராது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. அகலமான இருக்கையிலும் அசையாமல் கிடந்தால் ரத்தம் தேங்கத்தான் செய்யும்.

தீவிலிருந்து கிளம்பும் பயணம் இரண்டு மணி நேரம்தானா?

டிக்கெட்டில் அப்படித்தான் இருக்கும். ஆனால் வடக்கு அந்தமானில் டிக்லிபூரில் வேலை பார்க்கும் ஒருவர் திருநெல்வேலிக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தமான் டிரங்க் ரோட்டில் 300 கி.மீ-க்கு மேல் பேருந்து. ஜாரவா பழங்குடியினர் காப்புப் பகுதியில் வாகனங்கள் குறித்த நேரங்களில் வரிசையாகத்தான் போக முடியும் என்பதால் காத்திருப்பு. ஸ்ரீ விஜயபுரம் வந்து சேரவே ஒரு நாள் பொழுது போய்விடும். மறுநாள் விமானம். சென்னையில் இறங்கி, இரவு ரயிலோ பேருந்தோ பிடித்தால் இன்னும் 10 மணி நேரம். இதில் விமானம்தான் மிகச் சிறிய பகுதி. காலை மடக்கி உட்கார்ந்த நேரம் முழுக்க சாலையில்.

கப்பல் விஷயம் சுவாரஸ்யமானது. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் இதுதான் ஆபத்தாகத் தெரியும். ஆனால் கப்பலில் யாரும் சீட் பெல்ட் போட்டு உட்காருவதில்லை. மேல்தளத்துக்குப் போவீர்கள், கேன்டீனுக்கு நடப்பீர்கள், காலை நீட்டிப் படுப்பீர்கள். மணி நேரத்தைவிட அசையாமல் இருப்பதே பிரச்சினை. கடல் கொந்தளிக்கும் மாதங்களில், வாந்திக்கு அவோமின் போட்டுவிட்டுப் படுக்கையிலேயே சுருண்டு கிடப்பவர்கள் மட்டும் நடுநடுவே காலை அசைக்க வேண்டும்.

உண்மையாகவே கவலைப்பட வேண்டிய ஒரு கூட்டம் தினமும் இந்த விமானங்களில் வருகிறது. சிகிச்சைக்காகச் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் போய்த் திரும்பும் நோயாளிகள். உலக அளவில் ரத்த உறைவு நிகழ்வுகளில் 60 சதவீதம் வரை மருத்துவமனையில் இருக்கும்போதோ வீடு திரும்பிய 90 நாட்களுக்குள்ளோதான் ஏற்படுகின்றன. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று, புற்றுநோய் அறுவை சிகிச்சை, காலில் மாவுக்கட்டு, பிரசவம். உடல் ஏற்கெனவே ரத்தத்தை உறைய வைக்கும் நிலையில் இருக்கிறது. அந்த நேரத்தில் 'டிஸ்சார்ஜ் ஆயாச்சு, லாட்ஜ் வாடகை ஏறுது, ஊருக்குக் கிளம்பலாம்' என்று டிக்கெட் போடுகிறார்கள். தீவுக் குடும்பங்களின் செலவுக் கணக்கு புரிகிறது. ஆனால் டிஸ்சார்ஜ் நாளில் டாக்டரிடம் இரண்டு கேள்விகளை அவசியம் கேளுங்கள்: 'நான் எப்போது விமானம் ஏறலாம்? ஏறினால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தொடர வேண்டுமா?' மூட்டு மாற்று செய்தவர்களுக்கு அந்த மருந்தை 35 நாட்கள் வரைகூடத் தருவதுண்டு. ஊருக்குப் போனதும் நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் போவது அடுத்த தெருவுக்கு அல்ல, கடல் தாண்டி என்பதையும் சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சிக்கல் வந்தால் திரும்ப வர இன்னொரு விமானம் வேண்டும்.

மாத்திரையைப் பற்றி யாரும் சொல்வதில்லை

ஏற்கெனவே உறைவு வந்தவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ வந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உடல்பருமன் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகி 6 வாரம் ஆகாதவர்கள். இவர்கள் நீண்ட பயணத்துக்கு முன் டாக்டரைப் பார்ப்பது நல்லது. இந்தப் பட்டியலை எங்கேயும் படிக்கலாம். நம்மூரில் அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தப் பகுதி.

அந்தமான், தேனிலவு போகிறவர்களின் ஊர். டூருக்கு முன் 'டேட் தள்ளிப்போக' மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடுவது சர்வ சாதாரணம். அதில் பெரும்பாலும் இருப்பது நோரெதிஸ்டெரோன் என்ற ஹார்மோன். மாதவிடாயைத் தள்ளிப்போடும் அளவில் அதைச் சாப்பிடும்போது உடலில் அதன் ஒரு சிறு பகுதி ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனாக மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் உறைவு ஆபத்தை 3 முதல் 4 மடங்கு வரை கூட்டுவது பல ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். 25 வயதில் அடிப்படை ஆபத்து மிகக் குறைவு என்பதால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் குடும்பத்தில் உறைவு இருந்தால், உடல் எடை கூடுதலாக இருந்தால், ஆராவுடன் கூடிய ஒற்றைத் தலைவலி இருந்தால், அந்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். தடுப்பூசி பற்றி இத்தனை கேள்வி கேட்ட நாம், கவுன்டரில் கைநீட்டி வாங்கும் இந்த மாத்திரை பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

என்ன செய்யலாம், எது வீண்?

சென்னை-அந்தமான் விமானத்துக்குத் தனியாக எதுவும் தேவையில்லை. 4 மணி நேரத்தைத் தாண்டும் பயணங்களில், அது பெங்களூரு-நாகர்கோவில் இரவு பஸ்ஸாக இருந்தாலும், குதிகாலை ஊன்றிப் பாதத்தை மேலே தூக்குவது, விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என்று அடிக்கடி செய்யுங்கள். கெண்டைக்கால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். ஐல் சீட் கிடைத்தால் எடுங்கள். ஜன்னல் சீட்டில் இருப்பவர்களுக்கு உறைவு கூடுதலாக வருவதாக ஓர் ஆய்வு காட்டியது. மேகம் பார்ப்பதால் அல்ல, பக்கத்தில் தூங்குபவரை எழுப்பச் சங்கடப்பட்டு எழுந்திருக்காமல் இருப்பதால்தான் என்று நினைக்கிறேன். நீண்ட விமானத்தில் தூக்க மாத்திரை போட்டு 8 மணி நேரம் கட்டையாகக் கிடப்பது நல்லதல்ல.

முழங்காலுக்குக் கீழே அணியும் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸுக்கு ஆதாரம் இருக்கிறது. 2,600-க்கும் மேற்பட்ட விமானப் பயணிகளை வைத்து நடந்த பல சோதனைகளை காக்ரேன் அமைப்பு தொகுத்தது. அறிகுறி இல்லாத உறைவு ஏற்பட்ட 50 பேரில், ஸ்டாக்கிங்ஸ் அணிந்தவர்கள் 3 பேர், அணியாதவர்கள் 47. ஆபத்துக் காரணி உள்ளவர்களுக்கு நீண்ட பயணத்தில் இது உதவும். சரியான அளவில் வாங்க வேண்டும், கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அணியக் கூடாது.

ஆஸ்பிரின்? வேண்டாம். பயண உறைவைத் தடுப்பதற்கென்றே ஆஸ்பிரின் போடுவதை அமெரிக்க நெஞ்சக மருத்துவர்களின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு தனி. 'நிறைய தண்ணி குடிங்க' என்பதற்கு உறைவைத் தடுக்கும் ஆதாரம் பலவீனம்தான். ஆனால் தண்ணீர் குடித்தால் கழிவறைக்கு எழுந்து போவீர்கள், அதுவே நடை. 'உறைவு இருக்கான்னு பார்த்துடலாம்' என்று அறிகுறியே இல்லாமல் டி-டைமர் பரிசோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள். கர்ப்பம், காய்ச்சல், சமீபத்திய அறுவை சிகிச்சை எதுவாக இருந்தாலும் அது ஏறித்தான் காட்டும், பயம்தான் மிச்சம்.

ஹேவ்லாக்கில், அதாவது ஸ்வராஜ் தீவில், ஸ்கூபா டைவிங் செய்துவிட்டு அதே நாள் விமானம் ஏறக் கூடாது என்று சொல்வதையும் சிலர் ரத்த உறைவோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாக வெளிவரும் ஆபத்து. பல முறை டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள். பயிற்சியாளர் அதற்கு மேல் சொன்னால் அதைக் கேளுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

நீண்ட பயணத்துக்குப் பிறகு இரண்டு காலும் லேசாக வீங்குவது சகஜம், ஒரு ராத்திரி காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்காலில் வலியும் சூடும் சிவப்பும் இருந்தால், அதை 'தசைப்பிடிப்பு' என்று தைலம் தேய்த்து நீவிவிடாதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள், டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108, நாட்டின் எந்தப் பகுதியிலும் 112.

தீவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. காலில் உறைவு இருக்குமோ என்ற சந்தேகத்தோடு 'சென்னைக்கே போய் பார்த்துக்கலாம்' என்று அடுத்த விமானத்தில் ஏறிவிடாதீர்கள். புதிதாக உருவான கட்டியோடு பயணிப்பதுதான் உண்மையில் ஆபத்தான பயணம். முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஸ்ரீ விஜயபுரம் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கோ போங்கள். உறைவு உறுதியானால் மருந்து தொடங்கட்டும். எப்போது பறக்கலாம் என்பதை அவர்கள் சொல்லட்டும்.

டாக்டரிடம் உட்கார்ந்ததும் கடந்த ஒரு மாதத்தில் எங்கெல்லாம் போனீர்கள், எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அறுவை சிகிச்சை ஏதும் நடந்ததா என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். 2021-ல் எந்தத் தடுப்பூசி போட்டீர்கள் என்பது அந்தப் பட்டியலில் கடைசியில் வந்தால் போதும்.